துடக்கில்லாத கை

நயினாதீவு
03.06.2025, செவ்வாய்

அண்ணைக்கு,

இந்தக் கடிதம் இடியப்பக் கூடைக்குள் வருகிறது. வெறுங்கூடைதானே என்று உதறி எறிந்துவிடாமல் வாசியுங்கள். போன கிழமை போனில் நீங்கள் கத்தியதும் நான் கத்தியதும் போதும். இனி உங்களோடு போனில் கதைப்பதில்லை என்று இவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். எழுத்தில் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே விழமாட்டார். சரவணையில் நீங்கள் அவித்து அனுப்புகிற கூடைகளைத் தம்பு அண்ணை குறிகட்டுவானில் படகேற்றிக்கொண்டு வருகிறார். நான் இங்கே கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையைத் திருப்பி அனுப்புகிறேன். கடிதமும் அப்படியே போய் வரட்டும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அம்மாள் கோயில் அன்னதான மடத்து மனேச்சர் வல்லிபுரம் ஐயா சம்மதித்துவிட்டார். இருபத்தாறாம் தேதி கொடியேற்றம். அன்றிலிருந்து பதினைந்து நாளும் மடத்தில் காலைச் சாப்பாடு எங்கள் இடியப்பமும் சொதியும் சம்பலும்தான். நாளொன்றுக்கு நாலாயிரம் இடியப்பம். சரியாகச் செய்தால் வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமையும் பௌர்ணமிப் பறுவமும் எங்களுக்கே தருவாராம். பிழைத்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு சமையல்காரரைப் பார்த்து வைத்திருக்கிறார். கடைக்குப் போடுகிற இடியப்பத்தை மட்டும் நம்பி இந்த வருஷத்தைத் தள்ள ஏலாது என்று நீங்களே சொன்னனீங்கள். இதுவும் போனால் ஆவணியோடு அடுப்பை நூர்த்துவிட்டு ஏழு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஒரேயொரு நிபந்தனை வைத்தார். செத்தவீடு, பிள்ளைப்பேறு என்று எந்தத் துடக்கும் தீட்டும் இல்லாத கையால் பிழிந்து வரவேண்டுமாம். “அம்மாளின்ர வாசலில போடுற சாப்பாடு பிள்ளை. இதுக்கு நீர்தான் பொறுப்பு” என்றார். ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏழு பேரால் நாலாயிரம் ஏலாது. இங்கே நிருஜா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். நெடுந்தீவில் பிறந்தவள், கை கெட்டி. இன்னும் மூன்று பேரோடு அவளைச் சரவணைக்கு அனுப்பட்டுமா?

வேலணையில் நடந்த சிறுதொழில் வகுப்புக்குப் போனேன். அங்கே தந்த தாளொன்றை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பத்தி இருக்கிறது. தொழிலுக்கு வெளியிலிருந்து வருகிற இடைஞ்சல்களை ஒன்றில் எழுத வேண்டும், உள்ளிருந்து வருகிறவற்றை மற்றதில். நிரப்பி அனுப்புங்கள்.

பிரியா

&nbsp;

உ

சரவணை
05.06.2025

தங்கச்சிக்கு,

உன் கடிதம் சம்பல் வாளியின் அடியில் கிடந்து பாதி சிவப்பாக வந்து சேர்ந்தது. மடத்து ஓடரைப் பிடித்தது கெட்டித்தனம்தான். இல்லையென்று சொல்லவில்லை.

வகுப்பாம் வகுப்பு. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து எனக்கு இடியப்பம் அவிக்கப் படிப்பிக்கப் போகிறார்கள். சரி, கேட்டாயே என்று நிரப்பியிருக்கிறேன். வெளிப் பத்தியில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். சோளகக் காற்று, படகு நினைத்தால் ஓடும் நினைத்தால் நிற்கும். காஸ். தேங்காய், இப்போது தேங்காய்க்குப் பதிலாகப் பவுணைத் துருவினாலும் கட்டும். உப்பு, நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு கடையில் உப்பில்லை என்கிறான். மின்சாரம். அரசாங்கம். ஆழ்வாப்பிள்ளைச் சித்தப்பாவின் கிணறு.

அந்தக் கிணற்றை எழுதியதற்கு முகத்தைச் சுளிக்காதே. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, பக்கத்து வளவு, பொதுக் கிணறு. நாங்கள் இடியப்பக் குசினி தொடங்கிய வருஷம் தண்ணி அள்ளுகிற துலாவைக் கழற்றி வைத்துவிட்டு, “இந்தத் தண்ணியில யாவாரம் செய்யாதை” என்று ஊருக்கு முன்னால் சொன்ன மனிதன் அவர். பதினொரு வருஷமாக பவுசர் வண்டித் தண்ணீருக்குக் காத்திருக்கிறேன். பதினொரு வருஷமாக அவரோடு பேச்சுமில்லை.

வெளிப் பத்தியின் கடைசியில் உன் பெயரும் இருக்கிறது. கோபிக்காதே. நீ கட்டிக் குடுத்த பிள்ளை. ஓடர் பிடிக்கலாம், கூடை இறக்கலாம். குசினிக்குள் ஆரை எடுப்பது, ஆரை விடுவது என்பது உன் கதையல்ல.

நெடுந்தீவுப் பிள்ளை வேண்டாம். எங்கட ஆக்களைத் தவிர வேறு ஒருத்தரும் என் மாவில் கை வைக்கக்கூடாது. இங்கே இருக்கிற ஏழு பேரும் எங்கள் பகுதிக்குள் கட்டி வந்த மருமக்கள். அடித்தாலும் பிடித்தாலும் வெளியில் போய்க் கதைக்கமாட்டினம்.

உள் பத்தியில் எழுத ஒன்றுமில்லை. வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தயாபரன்

&nbsp;

நயினாதீவு
09.06.2025

அண்ணை,

சனிக்கிழமைக் கூடைகள் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தன. சொதி புளித்துவிட்டது. இரண்டு கடைக்காரர் முகத்துக்கு நேரே திருப்பித் தந்தார்கள். காற்றில்லை அண்ணை, கடல் பாய் விரித்தமாதிரிக் கிடந்தது. தம்பு அண்ணையிடம் விசாரித்தேன். நீங்கள் காஸ் எடுக்க யாழ்ப்பாணம் போனீர்களாம். சொதியை நீங்கள் ருசி பார்க்காமல் ஒருவரும் இறக்கக்கூடாது என்ற சட்டத்தால் ஏழு பெண்களும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்களாம். இதை எந்தப் பத்தியில் எழுதுவது? சோளகத்திலா, அரசாங்கத்திலா?

இன்னொன்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் ஏழு பேரும் ஒரே பகுதி, பங்காளி வீடுகள். அந்த வளவுகளுக்குள் ஒரு செத்தவீடு வந்தால் ஏழு கையும் ஒரே நாளில் முடங்கும். முப்பத்தொரு நாளைக்கு ஒருத்தியும் கோயில் காரியத்துக்கு மா குழைக்க ஏலாது. ஊரில் எவரும் இப்படி ஒரு தொழிலை நடத்தமாட்டார்கள், எங்கள் ஆட்களைத் தவிர. அதனால்தான் அந்நியமான நாலு பேரைக் கேட்டேன். உங்கள் இடத்தைப் பிடிக்கக் கேட்டதில்லை.

ஆழ்வாப்பிள்ளைச் சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஒருக்கால் போய்ப் பாருங்கள். நான் நேற்றுப் போனேன். என்னைக் கண்டதும் “அவன் வரேல்லையோ” என்றுதான் கேட்டார்.

பிரியா

&nbsp;

உ

சரவணை
11.06.2025

பிரியா,

போகமாட்டேன். சனிக்கிழமைச் சொதியைப் பற்றி இனி எழுதாதே. நெடுந்தீவுப் பிள்ளையைப் பற்றியும்.

தயாபரன்

&nbsp;

சரவணை
14.06.2025, சனி, பின்னேரம்

தங்கச்சி,

சித்தப்பா காலையில் முடிந்துவிட்டார். நாளை பகல் எடுக்கிறார்கள்.

நீ சொன்னதெல்லாம் வந்துவிட்டது, சந்தோஷம்தானே. கொடியேற இன்னும் பன்னிரண்டு நாள்.

பெரியப்பாவின் மக்கள் இரண்டு பேரும் கனடாவில். சித்தப்பாவுக்குப் பிள்ளையில்லை. கொள்ளி வைக்க உரித்துக்காரன் நான்தான் என்று இரண்டு பேர் வந்து வாசல் படலையில் நின்றார்கள். வரமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். கோபத்தில் சொன்னதல்ல, யோசித்துத்தான் சொன்னேன். பதினொரு வருஷமாக அவர் வீட்டு நன்மை தின்மைக்கு நான் போகவில்லை, என் வீட்டுக்கு அவரும் வரவில்லை. கொண்டாட்டம், போக்குவரத்து இல்லாத இடத்தில் துடக்கு எங்கேயிருந்து வரும்? பெண்களிடமும் சொல்லிவிட்டேன். ஒருவரும் செத்தவீட்டு வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. வைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. நயினாதீவில் ஆருக்குத் தெரியப்போகிறது? இடையில் ஒரு கடல் கிடக்கிறது.

வல்லிபுரம் ஐயாவிடம் வாயைத் திறவாதே. இது என் ஒருவனுக்காக அல்ல. ஏழு வீட்டு உலை.

தயாபரன்

&nbsp;

நயினாதீவு
15.06.2025, ஞாயிறு, விடிய

அண்ணை,

முதல் படகில் தம்பு அண்ணையிடம் கொடுத்து விடுகிறேன். எடுப்பதற்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

உங்களுக்கு விசரா? கொண்டாட்டத்தை விடலாம், உரித்தை விட ஏலுமா? அப்பாவின் முதுகில் ஏறித் திரிந்தவர் அந்த மனிதன். அவருக்குக் கொள்ளி வைக்கச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கப் போகிறார்களா?

மடத்து ஓடர் உங்களுக்கு மட்டுமா ஓடர்? பிடித்தவள் நான். மூன்று மாதம் அந்த மடத்துப் படியில் ஏறி இறங்கினேன். இது போனால் முதலில் அழுகிறவளும் நான்தான். ஆனால் ஒளித்துப் பிழிந்த இடியப்பத்தை அம்மாள் வாசலில் என் கையால் பரிமாறமாட்டேன். இடையில் கடல் கிடக்கிறது என்று எழுதுகிறீர்கள். அந்தக் கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பது நான். என் பிள்ளைகள் இந்தக் கோயில் வீதியால் பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

காலையில் வல்லிபுரம் ஐயாவைக் கண்டு உள்ளதைச் சொல்லிவிட்டு, பத்து மணிப் படகில் வருகிறேன். உங்களோடு கதைக்கமாட்டேன். சின்னம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் பார்ப்பேன்.

பிரியா

&nbsp;

சரவணை
17.06.2025

தங்கச்சி,

நீ வரவில்லை. காற்று கூடிப் படகை ஒன்பது மணிக்கே நிற்பாட்டிவிட்டார்களாம், தம்பு அண்ணை சொன்னார். வந்திருந்தால் பார்த்திருப்பாய்.

கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை, கவனித்தாயா? என் மீசையும் இல்லை. இருபத்தைந்து வருஷத்து மீசை. கண்ணாடியில் ஆரோ அந்நியன் நிற்கிறான்.

சின்னம்மா தானே நடந்து படலைக்கு வந்தார். “தம்பி, நீ வராட்டி ஆரோ பிறத்தியான்ர கையாலதான் அவர் எரியவேணும்” என்றார். அழக்கூட இல்லை. மிச்சத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்றுச் சாம்பல் அள்ளுகிற காடாத்தும் முடிந்தது.

இப்போது சந்தோஷமா? குசினி பூட்டிக் கிடக்கிறது. மூன்று காஸ் சிலிண்டரும் நிரம்பி நிற்கிறது. வாழ்நாளில் ஒருக்கால் மூன்றும் நிரம்பி நிற்கிற நேரம் பார்த்து அடுப்பு மூட்ட ஆளில்லை. பெண்கள் வேலியால் எட்டி எட்டிப் பார்க்கினம், ‘என்ன செய்யிறது அண்ணை’ எண்டு கேக்கினம். நான் என்ன சொல்ல? எனக்கு ஆர் மேலே கோபம் என்றே தெரியவில்லை. செத்த மனிதனைத் திட்டவும் ஏலாது.

மடத்துக்குச் சொல்லிவிடு. யாழ்ப்பாணத்தான் வரட்டும்.

தயாபரன்

&nbsp;

நயினாதீவு
18.06.2025

அண்ணை,

கடிதத்தை வாசலில் வைத்துத்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு நல்லாய் அழுதேன். அது போகட்டும். இனி நான் சொல்வதை ஆத்திரப்படாமல் கேளுங்கள்.

நான் கட்டிக் குடுத்த பிள்ளை. நீங்கள் பதினொரு வருஷமாகச் சொன்ன சொல். குசினிக்குள் எட்டிப் பார்த்தால் அந்தச் சொல், சம்பலில் உப்புக் கூட என்றால் அந்தச் சொல். இரண்டு கிழமைக்கு முன் வெளிப் பத்தியில் என் பெயருக்குப் பக்கத்திலும் எழுதி அனுப்பினீர்கள். இப்போது அந்தச் சொல் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு இவருடைய பகுதித் துடக்குத்தான் உரியது. சித்தப்பாவுக்கு நான் தலையில் தோய்ந்து முழுகினால் போதும் என்று இங்கே ஐயர் சொல்லிவிட்டார். தோய்ந்துவிட்டேன். வல்லிபுரம் ஐயாவிடமும் கேட்டேன். அந்த மனிதர், “உள்ளதைச் சொன்னீர், அதுக்காக ஒரு தவணை தாறன். நீர் நிண்டு செய்யும்” என்றார்.

எங்கள் பின்வளவுக் கொட்டிலைக் கூட்டிக் கழுவியாகிவிட்டது. நிருஜாவோடு சேர்த்து ஒன்பது பெண்கள். ஒருத்தியும் எங்கட ஆள் இல்லை. பிழிகிற மெசினும் ஆவிப் பெட்டிகளும் மூன்று சிலிண்டரும் எனக்கு வேண்டும். நீங்கள் தொடவேண்டாம். தம்பு அண்ணை ஆட்களோடு வந்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி ஏற்றுவார். மா இங்கே புதிதாக எடுக்கிறேன்.

நீங்கள் வரக்கூடாது. வர ஏலாது என்பதும் தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். படகுத்துறையில் வந்து நின்று கையைக் காட்டுகிற வேலையும் வேண்டாம். ஆரை எடுப்பது, ஆர் சொதி பார்ப்பது எல்லாம் என் கதை.

சம்மதமில்லாவிட்டால் வெறுங்கூடையை அனுப்புங்கள். விளங்கிக்கொள்வேன்.

பிரியா

&nbsp;

சரவணை
20.06.2025

பிரியா,

மெசின் வருகிறது. தம்பு அண்ணையின் ஆட்கள் கழுவி ஏற்றும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டையைக் கலியாணம் செய்து அனுப்பிய அன்றுகூட இவ்வளவு வயிற்றெரிச்சல் இல்லை. உன்னைத்தான் சொல்கிறேன்.

இடப்பக்கக் கைபிடி இறுகும். சுத்தியலால் தட்டாதே, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் இளகும். ஆவிப் பெட்டியில் மூன்றாவது தட்டு கொஞ்சம் சரிவு, அதில் நிரப்பி அடுக்காதே.

மா விஷயம். இதை இந்தப் பதினொரு வருஷத்தில் ஏழு பேரில் ஒருத்திக்கும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு நானே கலப்பது. வறுத்த சிவப்பரிசி மா மூன்று பங்கு, அவித்து அரித்த கோதுமை மா ஒரு பங்கு. கொதிதண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதே, மூன்று தரமாக விடு. காம்புக் கரண்டியால் கிண்டி, கை பொறுக்கிற சூட்டில் குழை. காற்று நாளில் மா கெதியாகக் காயும், ஈரத் துணி போட்டு மூடு.

அந்த நெடுந்தீவுப் பிள்ளைக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும், என்ன? சொல்லித் தொலை.

தயாபரன்

&nbsp;

நயினாதீவு
01.07.2025

அண்ணை,

ஆறு நாள் முடிந்தது. பத்து நிமிஷம் கிடைத்தது, எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அது கையின் வலி.

முதல் நாள் நானூறு பேருக்குப் பிந்தியது. வல்லிபுரம் ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் நாள் மின்சாரம் நாற்பது நிமிஷம் நின்று, கையால் பிழிந்தோம். மூன்றாம் நாள் ஆட்களை ஏற்றும் படகில் காஸ் ஏற்றமாட்டோம் என்று நிரப்பி வந்த சிலிண்டரைக் குறிகட்டுவானிலேயே விட்டுவிட்டார்கள். பூவரசம் விறகு தேடி ஓடினோம். காற்றைத் திட்டினேன், படகுக்காரரைத் திட்டினேன், தேங்காயைத் திட்டினேன். உங்கள் தாளின் பின்பக்கம் முழுதையும் வாயால் ஒருக்கால் ஒப்புவித்தேன். நீங்கள் எழுதியது பொய்யில்லை அண்ணை. வெளியிலிருந்து வருவது வரத்தான் செய்கிறது. அதை அனுபவிக்காமல் உங்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டேன்.

ஆனால் நாலாம் நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். காற்றில்லை, காஸ் இருந்தது, மின்சாரம் இருந்தது. அப்படியிருந்தும் பிந்தியது. ஏனென்றால் நான் மா குழைக்கிற இடத்திலிருந்து சொதிக்கு ஓடினேன், சொதியிலிருந்து சம்பலுக்கு ஓடினேன். நான் வாயில் வைக்காமல் எதையும் இறக்க விடவில்லை. உங்கள் தங்கச்சிதானே. நிருஜா கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அக்கா, நீங்கள் சொதி பாக்க ஓடினால் பிழியிறதை ஆர் பாக்கிறது? எனக்கும் நாக்கு இருக்குத்தானே.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு கரண்டியை விட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து பிந்தவில்லை.

பிரியா

&nbsp;

சரவணை
04.07.2025

தங்கச்சி,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாலாம் நாள் கதையை எனக்கு உறைக்கத்தான் எழுதினாய். உறைத்தது. மகிழ்ச்சியாக இரு.

இங்கே நான் மூலையில் குந்தியிருக்கிறேன். திருவிழாவுக்குப் போய்வருகிறவர்கள் படலையில் நின்று, பிரியாவின் இடியப்பம் பஞ்சு மாதிரி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிரியாவின் இடியப்பமாம். மா ஆருடையது, மெசின் ஆருடையது? எனக்கு ஏறிவிடுகிறது. வேலியோடு கத்திவிட்டு உள்ளே வருகிறேன்.

பின்னேரங்களில் சின்னம்மாவிடம் போய் இருக்கிறேன். வேறு போக்கிடம் இல்லை. நேற்று அந்தக் கிணற்றடியில் நின்று கேட்டேவிட்டேன், சித்தப்பா ஏன் அன்றைக்கு அப்படிச் செய்தவர் என்று. சின்னம்மா ஒரு வாளி அள்ளித் தந்தார். குடித்துப் பார்த்தேன், லேசான உவர். “இது குடிக்கத்தான் காணும் தம்பி. நாளுக்கு ஏழு அண்டா அள்ளியிருந்தால் ரெண்டாம் வருஷமே உப்பாப் போயிருக்கும். இருபது வீடு குடிக்கிற தண்ணி. அதை உன்னட்டச் சொல்ல வந்தவர். நீ வாசலில வச்சுக் கத்தின கத்தில திரும்பி வந்திட்டார்” என்றார்.

எனக்கு அப்படிக் கத்திய ஞாபகமே இல்லை. ஆனால் கத்தியிருப்பேன்.

தயாபரன்

&nbsp;

உ

சரவணை
15.07.2025

பிரியா,

நேற்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்தது. துடக்குக் கழிந்தது. சுழி போட்டிருக்கிறேன், பார்.

பதினைந்து நாளையும் ஒப்பேற்றிவிட்டாய், வருஷ ஓடரும் கிடைத்துவிட்டது என்று தம்பு அண்ணை சொன்னார். நல்லது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன். மெசினையும் பெட்டிகளையும் வெள்ளிக்கிழமைப் படகில் ஏற்றிவிடு. ஒன்பது பேருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிடு. எங்கட ஏழு பேரும் ஒரு மாதமாகக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கினம்.

தயாபரன்

&nbsp;

நயினாதீவு
16.07.2025

அண்ணை,

மெசின் வராது.

வருஷ ஓடரில் வல்லிபுரம் ஐயா ஆருடைய பெயரை எழுதுவது என்று கேட்டார். இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னேன். உங்கள் பெயரை முதலில் எழுதச் சொன்னேன். இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன், உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு சொல்லாமலிருக்க ஏலவில்லை. ஒரு மாதம் முன்னால் என் கையால் தப்பினோம். இப்போது துடக்குக் கழிந்ததும் என் கையையும் கழித்துவிடப் பார்க்கிறீர்கள்.

எங்கட ஏழு பேர் என்கிறீர்கள். மூன்று பேர் திங்கட்கிழமையே எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வரட்டுமா என்று. வரச் சொல்லிவிட்டேன். மிச்ச நாலு பேரும் முந்தியைப்போல இடியப்ப உரலில் பிழிந்து வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் போடட்டும். கோயில் ஓடர் இங்கேதான் அவியும். இங்கே ஒன்பது பேர் அந்நியம், அங்கே நாலு பேர் எங்கட ஆட்கள். இனி எந்த வளவில் ஒப்பாரி கேட்டாலும் ஒரு அடுப்பாவது எரியும்.

இது பிடிக்காவிட்டால் நீங்களே வந்து மெசினைத் தூக்கிக்கொண்டு போங்கள். நான் மறிக்கமாட்டேன். ஒன்பது பெண்களுக்கும் நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.

நீங்கள் நிரப்பிய வகுப்புத் தாளை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிகிறது.

பிரியா

&nbsp;

உ

சரவணை
18.07.2025

தங்கச்சி,

இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் திட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

தாளை எடுத்துப் பார்த்தேன். கிணற்றை வெட்டிவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும், காற்றும் தேங்காயும் ஒருநாளும் மாறப்போவதில்லை. வெளிப் பத்தியின் கடைசியில் உன் பெயரும் கிடக்கட்டும், அதை வெட்டவில்லை. நீ வெளியில் நின்றபடியால்தான் தப்பினோம்.

உள் பத்தி வெறுமையாக இருந்ததே, அதில் ஒரு பெயர் எழுதி இதோடு அனுப்புகிறேன். ஒன்றே ஒன்றுதான், இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறதும் அதுதான். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

திங்கட்கிழமை வருகிறேன். மெசினைத் தூக்க அல்ல. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று எழுது.

தயாபரன்

&nbsp;

நயினாதீவு
19.07.2025

அண்ணைக்கு,

சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சாமியறை அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

முதல் படகில் வாங்கோ. சொதிப் பக்கம் போகவேண்டாம். தேங்காய் துருவ ஆளில்லை, துருவுபலகை வாசலில் இருக்கும். எவ்வளவு துருவவேண்டும் என்று நிருஜாவைக் கேளுங்கள்.

பிரியா